ஈறில் ரத்தம் வருகிறதா? சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சர்க்கரை நோயோடு வாழும் அன்பர்களுக்கு,

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, டிபன் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கையை நீட்டிப் பழகியவர்கள் நீங்கள். கால்விரல் இடுக்குகளைத் தினமும் பார்க்கச் சொன்னால் பார்க்கிறீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு விழித்திரையைக் காட்டிவிட்டு வருகிறீர்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் சோதித்துக்கொள்கிறீர்கள். ஆனால் காலையில் பல் துலக்கித் துப்பும்போது நுரை இளஞ்சிவப்பாக இருந்தால், குழாயைத் திறந்து கழுவிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறீர்கள். அந்தச் சிவப்பைப் பற்றித்தான் இந்த மடல்.

இந்தியாவில் உங்களைப் போன்றவர்கள் 10.1 கோடிப் பேர் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு கணக்கிட்டது. சர்க்கரையின் விளிம்பில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடிப் பேர். இத்தனை பேருக்கும் கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் பற்றி எச்சரிக்க ஆள் இருக்கிறது. வாயைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. மருத்துவர் கேட்பதில்லை, நோயாளியும் சொல்வதில்லை. பல் என்றால் அது வேறு டாக்டர், வேறு கட்டடம், வலி வந்தால் போகிற இடம் என்று எல்லோரும் பிரித்து வைத்திருக்கிறோம்.

வலியை நம்பிக் காத்திருப்பதில் என்ன ஆபத்து என்பதை உலகத்துக்குக் காட்டியவர்கள் தமிழர்கள்தான். இலங்கை மலையகத்தில் டன்சினன், ஹாரோ என்று இரண்டு தேயிலைத் தோட்டங்கள். 1970-இல் நார்வே நாட்டுப் பல் மருத்துவ அறிஞர் ஹரால்ட் லோவின் குழு, அங்கே வேலை செய்த 480 தமிழ் ஆண் தொழிலாளர்களின் வாயை, பல் பல்லாக அளந்து குறித்துக்கொண்டது. பதினைந்து ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்து அதே மனிதர்களை அளந்தது. அவர்கள் பல் மருத்துவரையே பார்த்திராதவர்கள். தூரிகையும் பற்பசையும் அவர்கள் வாழ்க்கையில் கிடையாது. எல்லோர் பல்லிலும் அழுக்குப் படலமும் காரையும் கறையும் இருந்தன, ஏறக்குறைய எல்லோர் ஈறும் வீங்கியிருந்தது. ஆனால் சொத்தைப் பல் மட்டும் அநேகமாக இல்லை.

1986-இல் வெளியான முடிவு பல் மருத்துவப் படிப்பின் அடிப்படைப் பாடங்களில் ஒன்றாகிவிட்டது. எட்டு சதவீதம் பேருக்கு நோய் வேகமாகப் பரவியது. அவர்களுக்கு 35 வயதில் 12 பற்கள் போயிருந்தன, 40 வயதில் 20 பற்கள், 45 வயதில் எல்லாப் பற்களும். 81 சதவீதம் பேருக்கு நிதானமான வேகம், 45 வயதுக்குள் சுமார் ஏழு பற்கள் போயின. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கம் இருந்தும் அதற்கு மேல் போகவில்லை, பற்களும் நின்றன. நாற்பது ஆண்டுகள் கழித்து, முதலில் பார்த்தவர்களில் 75 பேரைத் தேடிப்பிடித்து மறுபடியும் சோதித்தார்கள். முப்பது வயதில் ஈறு எவ்வளவு விட்டுப்போயிருந்ததோ, அதை வைத்தே அறுபது வயதில் எத்தனை பல் மிஞ்சும் என்று பெரும்பாலும் சொல்லிவிட முடிந்தது.

ஒரு சொத்தைகூட இல்லாத வாயில் 45 வயதுக்குள் அத்தனை பற்களும் உதிர முடியும் என்பதை நினைத்துப் பாருங்கள். ‘எனக்குப் பூச்சிப்பல்லே கிடையாது’ என்று பெருமைப்படும் எவரும் இந்தத் தோட்டத் தொழிலாளர்களை மறக்கக் கூடாது. வசதியற்ற மனிதர்களின் வாயிலிருந்து எழுதப்பட்ட பாடம் அது. அவர்கள் வழிவந்தவர்களும் அவர்கள் மொழி பேசுபவர்களுமே அதைப் படிக்காமல் விடுவது நியாயமில்லை.

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய பள்ளம் ஒன்று எல்லோருக்கும் உண்டு. நல்ல நிலையில் அதன் ஆழம் ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர். சாப்பிட்ட பிறகு பல்லின் மேல் பிசுபிசுப்பாகப் படியும் கிருமிப் படலத்தை எடுக்காமல் விட்டால், உப்புத் தண்ணீர் பிடிக்கும் பக்கெட்டில் ஒட்டும் வெள்ளைப் படிவத்தைப் போல அது இறுகிக் காரையாகிறது. பிறகு அதைத் தூரிகையால் எடுக்க முடியாது. உடல் அந்தக் கிருமிகளோடு மல்லுக்கு நிற்கிறது, ஈறு சிவந்து வீங்குகிறது, தொட்டால் ரத்தம் வருகிறது. சண்டை நீண்டால் பள்ளம் நான்கு, ஐந்து, ஆறு மில்லிமீட்டர் என்று ஆழமாகிப் பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்குகிறது. இவ்வளவும் வலியில்லாமல் நடக்கும். பல் மருத்துவர் மில்லிமீட்டர் குறியிட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறோரத்தில் நுழைத்து, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் அளந்து பார்ப்பார். இந்தச் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். உங்களில் பெரும்பாலோர் அதை ஒருமுறைகூடச் செய்துகொண்டிருக்க மாட்டீர்கள்.

தொடக்க நிலையில் இதைத் திருப்பிவிட முடியும் என்பதையும் நிறுவியவர் அதே லோதான். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் அவர் நடத்திய சோதனை 1965-இல் வெளியானது. ஆரோக்கியமான ஈறுடைய 12 பேர் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். பத்திலிருந்து இருபத்தொரு நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி ஒழுங்காகத் துலக்கியதும் ஒரு வாரத்துக்குள் சரியாகிவிட்டது. இளைஞர்கள், சர்க்கரை இல்லாதவர்கள், நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவர்கள். அவர்களுக்கே ஈறு வீங்க மூன்று வாரம் போதுமானதாக இருந்தது.

உங்களுக்கு அந்தக் கெடு இன்னும் சுருங்குகிறது. ரத்தத்தில் சர்க்கரை மிகும்போது நுண்ணிய ரத்தக் குழாய்கள் தடித்துப் போகின்றன. கண்ணிலும் சிறுநீரகத்திலும் நடப்பதுதான் ஈறிலும் நடக்கிறது. கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. புரதங்களோடு சர்க்கரை ஒட்டி உருவாகும் வேதிப்பொருட்கள் வீக்கத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கின்றன. புண் ஆறத் தாமதமாகிறது, உமிழ்நீர் வற்றுகிறது. அமெரிக்கத் தேசியப் பல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்த லோ, ஈறு நோயைச் சர்க்கரையின் ஆறாவது பின்விளைவு என்று 1993-இல் எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய ரத்தக் குழாய்கள், ஆறாத புண் ஆகிய ஐந்துக்கும் அடுத்த இடம் அது. முதல் ஐந்தும் உங்களுக்கு மனப்பாடம்.

பாதை எதிர்த்திசையிலும் ஓடுகிறது என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. வாய் முழுக்க ஈறு நோய் உள்ள ஒருவரின் பல் பள்ளங்களுக்குள் புண்ணாக இருக்கும் பரப்பைப் பிரித்து விரித்தால், எட்டிலிருந்து இருபது சதுர சென்டிமீட்டர் வரை வரும் என்று ஒரு மதிப்பீடு உண்டு. அந்த அளவுக்குக் காலில் ஒரு புண் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடுவீர்கள். வாய்க்குள் மறைந்திருப்பதால் ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டு வைத்திருக்கிறீர்கள். அந்தப் புண்ணிலிருந்து வீக்கத்தைத் தூண்டும் பொருட்கள் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கின்றன. அவை இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. உணவில் கட்டுப்பாடு, தவறாத நடை, வேளைக்கு மாத்திரை எல்லாம் இருந்தும் மூன்று மாதச் சர்க்கரை அளவு மட்டும் இறங்க மறுக்கும் சிலருக்கு, அதற்கான காரணங்களில் ஒன்று வாய்க்குள் இருக்கலாம்.

இது வெறும் ஊகமா என்றால், இல்லை. ஆனால் ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவும் இல்லை. 2013-இல் அமெரிக்காவில் 514 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், பல்லைச் சுத்தம் செய்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது சர்க்கரையில் மாற்றம் இல்லை. அந்தச் சிகிச்சைக்குப் பிறகும் பலருடைய ஈறில் ரத்தக்கசிவு போதுமான அளவு குறையவில்லை என்று மற்ற ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். 2018-இல் லண்டனில் 264 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், ஒரு பகுதியினருக்கு ஆழமான பள்ளங்கள்வரை தீவிரமாகச் சுத்தம் செய்து, தேவைப்பட்டவர்களுக்கு ஈறு அறுவைச் சிகிச்சையும் செய்து, ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். மேலோட்டமான சுத்தம் மட்டும் கிடைத்தவர்களைவிட இவர்களுக்கு எச்பிஏ1சி எனும் மூன்று மாதச் சர்க்கரை அளவு 0.6 குறைவாக இருந்தது. 2022-இல் காக்ரேன் அமைப்பு 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ஈறு சிகிச்சை பெற்றவர்களுக்கு மூன்று நான்கு மாதங்களில் எச்பிஏ1சி சராசரியாக 0.43 குறைகிறது என்று முடிவு சொன்னது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், சர்க்கரை நோயாளிகளின் வருடாந்தரப் பரிசோதனையில் ஈறு நோயைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டும் என்று தன் விதிகளில் சேர்த்தது.

0.43 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். 8.2-லிருந்து 7.8-க்கு வருவதற்கு நீங்கள் எத்தனை மாதம் சோற்றைக் குறைத்தீர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் அது சிறியதல்ல. பல மருத்துவர்கள் கூடுதலாக ஒரு மாத்திரை எழுதித்தருவதும் ஏறக்குறைய இந்த அளவு இறக்கத்துக்குத்தான்.

இதயத்தைப் பற்றியும் பலவிதமாகப் பேசப்படுகிறது. ஈறு நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வருவது உண்மை. ஆனால் ஈறு நோய்தான் அதற்குக் காரணம் என்று நிரூபணமாகவில்லை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012-இல் தெளிவாகச் சொன்னது. புகைப்பழக்கமும் சர்க்கரையும் இரண்டையும் சேர்த்தே கெடுக்கின்றன. உங்களுக்கு நெருக்கமான சான்று வேறொன்று உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பிமா பழங்குடியினரிடம் சர்க்கரை நோய் மிக அதிகம். அவர்களில் சர்க்கரை நோயுள்ள 628 பேரைச் சுமார் பதினோரு ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2005-இல் வெளியானது. கடுமையான ஈறு நோய் இருந்தவர்கள் இதய நோயாலும் சிறுநீரகக் கேட்டாலும் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. இதுவும் தொடர்பைக் காட்டுகிறதே தவிர, ஈறுதான் உயிரைப் பறித்தது என்று சொல்லவில்லை. அளவு மீறி நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு சாட்சி. நூறு ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஹென்றி காட்டன் என்ற மனநல மருத்துவர், பல்லில் ஒளிந்திருக்கும் கிருமிதான் மனநோய்க்குக் காரணம் என்று நம்பி, நோயாளிகளின் பற்களைக் கொத்துக்கொத்தாகப் பிடுங்கினார். யாருக்கும் மனநோய் அதனால் தீரவில்லை. ஆகவே ‘பல்லைச் சரிசெய்தால் சர்க்கரையே போய்விடும்’ என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து விலகி நில்லுங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

உங்களைப் பல் மருத்துவரிடம் போகவிடாமல் தடுப்பவை பெரும்பாலும் இரண்டு பேச்சுகள். முதலாவது, ‘க்ளீன் பண்ணினால் பல் ஆடிப்போகும்’ என்பது. எலும்பு கரைந்த பல்லை, அதைச் சுற்றி இறுகிய காரை அசையாமல் பிடித்து வைத்திருக்கும். காரையை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டமும் இடைவெளியும் தெரிய வருகின்றன. ஈறு இறுகும்போது ஆட்டம் பலருக்குக் குறைந்தும் விடும். ஓரிரு வாரம் பல் கூசுவதும் இயல்பே. இரண்டாவது, ‘மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்’ என்பது. பார்வையைச் சுமப்பது ஒரு நரம்பு, பல்லின் உணர்ச்சியைச் சுமப்பது வேறொரு நரம்பு. பல்லை எடுப்பதால் பார்வை மங்காது. இந்த நம்பிக்கை இத்தனை ஊர்களில் நிலைத்ததற்கு ஒரு காரணம் இருக்கக்கூடும். ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்குக் கட்டுப்படாத சர்க்கரை பல்லையும் பறிக்கும், விழித்திரையையும் கெடுக்கும். இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தால் பழி பல் பிடுங்கியவர் மேல் விழும், சர்க்கரையை யாரும் நினைக்க மாட்டார்கள்.

வீட்டில் மாற வேண்டியது அதிகமில்லை, ஆனால் அந்தச் சிலவற்றில் விட்டுக்கொடுக்க முடியாது. முதலாவது இரவுத் துலக்கல். காலையில் மட்டும் துலக்குவது நம் வழக்கம். ஆனால் தூங்கும்போதுதான் உமிழ்நீர் மிகக் குறைவாகச் சுரக்கிறது, கிருமிகளுக்குத் தோதான நேரம் அது. சர்க்கரை நோயால் ஏற்கெனவே வாய் உலர்ந்தவர்களுக்கு இரவு இன்னும் மோசம். மிருதுவான தூரிகையை எடுத்து, அதன் நார்கள் பாதி பல்லிலும் பாதி ஈறின் ஓரத்திலும் படும்படி சாய்த்துப் பிடியுங்கள். அழுத்தாமல், இடத்திலேயே சின்னச் சின்னதாக அசைத்து, இரண்டிரண்டு பல்லாக நகருங்கள். உள்பக்கத்தை மறக்காதீர்கள். கீழ் முன்பற்களின் பின்புறத்தில் நாக்கால் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று பட்டால் அங்கே காரை படிந்திருக்கிறது. ரத்தம் வருகிறது என்று அந்த இடத்தைத் தொடாமல் விடுவதுதான் பலரும் செய்வது. கவனம் அதிகம் தேவைப்படும் இடம் அதுவே. பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் குட்டித் தூரிகைகள் மருந்துக் கடையில் கிடைக்கின்றன. ஈறு இறங்கி இடைவெளி விழுந்தவர்களுக்கு அவை மிகவும் உதவும். குண்டூசியும் துடைப்பக் குச்சியும் வேண்டாம்.

உமிக்கரி, செங்கல்பொடி, சாம்பல் மூன்றும் பல்லை அறுக்கும். ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும் வயதில் அந்த அறுப்பு நேராக வேரில் விழும். வேப்பங்குச்சியை நன்றாக மென்று நாராக்கித் தேய்ப்பவர்கள் அதை விட வேண்டியதில்லை. ஆனால் கடைவாய்ப் பற்களின் உள்பக்கத்துக்கு அது எட்டாது, இரவில் தூரிகை கூடவே வேண்டும். பல்பொடியில் புகையிலை கலப்பதை 1992-லேயே இந்திய அரசு தடைசெய்தது. இருந்தும் வறுத்த புகையிலைப் பொடியை ஈறில் தேய்த்து ‘பல்வலிக்கு நல்லது’ என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பீடி, சிகரெட் குடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. புகை ஈறின் ரத்த ஓட்டத்தைச் சுருக்குவதால், உள்ளே நோய் முற்றியிருந்தும் ரத்தக்கசிவு குறைவாகவே தெரியும். ரத்தம் வரவில்லை என்பதை நீங்கள் நல்ல சேதியாக எடுத்துக்கொள்ள முடியாது. வெற்றிலையில் புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

மாத்திரைப் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். உங்களில் பலர் பிரஷருக்கும் மருந்து சாப்பிடுகிறீர்கள். அம்லோடிபின் சாப்பிடுபவர்களில் சிலருக்கு ஈறு தடித்துப் பல்லின் மேல் வளரும். நீங்களாக அதை நிறுத்தக் கூடாது, எழுதித்தந்த மருத்துவரிடம் வாயைத் திறந்து காட்டுங்கள், மாற்று மருந்துகள் உள்ளன. ஆஸ்பிரின் போன்ற ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் பல் பிடுங்கப் போகும்போது அதை மறைக்கவும் கூடாது, கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

பல் மருத்துவரிடம் காலை நேரத்தில் போங்கள். ‘ஊசி போடுவார்கள்’ என்று பட்டினியாகப் போகாதீர்கள். வழக்கமான உணவும் வழக்கமான மருந்தும் எடுத்துக்கொண்டு போவதே பாதுகாப்பு. சர்க்கரை திடீரென்று இறங்கி நாற்காலியிலேயே மயங்குபவர்கள் பெரும்பாலும் சாப்பிடாமல் வந்தவர்கள்தான். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் மாத்திரை அட்டைகளையும் பையில் வையுங்கள். உட்கார்ந்ததும் ‘எனக்கு சுகர் இருக்கிறது, ஈறு எத்தனை மில்லிமீட்டர் விட்டிருக்கிறது என்று அளந்து சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். தனியார் செலவு தாங்காதவர்களுக்குச் சென்னையிலும் கடலூரிலும் புதுக்கோட்டையிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, மாவட்ட அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி மாத்திரை பெறுபவர்கள், கொண்டுவரும் ஊழியரிடம் ஈறு ரத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி, எங்கே காட்டுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் படுக்கையில் இருக்கும் அப்பாவோ அம்மாவோ இருந்தால், அவர்கள் வாயும் உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. ஜப்பானில் பதினொரு முதியோர் இல்லங்களில் 417 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2002-இல் வெளியானது. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பராமரிப்பாளர் வாயைச் சுத்தம் செய்துவிட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. அப்படிச் செய்யாத பகுதியினரில் அது 19 சதவீதம். வாயில் மண்டிய கிருமிகள் உமிழ்நீரோடு நுரையீரலுக்குள் இறங்குவதே காரணம். பல்லே இல்லாதவர்களுக்கும் ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட வேண்டும். சர்க்கரை மிகுந்தவர் வாயில் செட்டுக்கு அடியில் சிவந்து எரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு.

ஈறு சிகிச்சை ஒரே நாளில் முடிவதில்லை. முதல் சுத்தம் முடிந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி பள்ளங்களை அளப்பார்கள், ஆழம் குறையாத இடங்களில் மட்டும் மறுபடி வேலை செய்வார்கள், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வார்கள். எச்பிஏ1சி சோதனைக்கும் உங்களுக்கு அதே இடைவெளிதான். இரண்டையும் ஒரே வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைச் சீட்டைப் பல் மருத்துவரிடமும், ஈறு அளவு எழுதிய தாளைச் சர்க்கரை மருத்துவரிடமும் காட்டுங்கள்.